கான்ஃபிக் மாற்றியாயிற்று, அடுத்து என்ன? பின்னணிச் சேவைகளை ரீலோட், ரீஸ்டார்ட் செய்ய முழுமையான வழிகாட்டி

எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பித்தாயிற்று. சர்வரில் கோப்பைத் திறந்து பார்த்தால் புதிய தேதி இருக்கிறது. ஆனால் தளத்துக்குப் போனால் பிரவுசர் எச்சரிக்கை காட்டி, சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்கிறது. லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே சந்திக்கும் சிக்கல் இது. சான்றிதழில் குறையில்லை. அதைப் புதுப்பித்துத் தந்த செர்ட்பாட்டிலும் குறையில்லை. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், தான் தொடங்கியபோது படித்த பழைய சான்றிதழை மெமரியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே நீட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பு மாறிய சேதியை அதற்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சேதியை எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு அது காதில் விழுந்ததா என்று எப்படி உறுதிசெய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் போன்ற, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி ஓடும் லினக்ஸ் சர்வரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## டிஸ்க்கில் ஒன்று, மெமரியில் ஒன்று

பின்னணிச் சேவை தொடங்கும்போது தன் கான்ஃபிக் கோப்பை ஒருமுறை படிக்கும். படித்ததை மெமரியில் தனக்குத் தோதான வடிவத்தில் அடுக்கிக்கொள்ளும். அதோடு சரி, அந்தக் கோப்பை மறுபடி திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் கோப்பைத் திறந்துகொண்டிருந்தால் வேகம் போய்விடும். நீங்கள் பாதி தட்டச்சு செய்து சேமித்த நேரத்தில் அது படித்துவிட்டால் சேவையே நின்றுபோகவும் கூடும்.

ஆகவே எந்த நேரத்திலும் ஒரு சேவைக்கு இரண்டு கான்ஃபிக் இருக்கின்றன. டிஸ்க்கில் இருப்பது நாம் விரும்புவது. மெமரியில் இருப்பது உண்மையில் நடப்பது. இவை இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இனி வரும் எல்லாப் படிகளும் அந்த நினைப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. அப்பாச்சியின் டாட் எச்டிஅக்சஸ் கோப்பு ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகப் படிக்கப்படுகிறது. கிரான் சேவை நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கிரான்டேப் மாறியிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்கிறது. இந்த வசதியைப் பார்த்துப் பழகியவர்கள் மற்ற சேவைகளும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

## ரீஸ்டார்ட், ரீலோட், டெமன்-ரீலோட்

ரீஸ்டார்ட் என்றால் ஓடும் புராசஸ் முழுமையாக முடிந்து, புதிய புராசஸ் பிறக்கும். மெமரியில் இருந்த எல்லாம் போய்விடும். பெரும்பாலான சேவைகளில் இணைப்புகளும் அறுபடும். புதிய கான்ஃபிக்கில் பிழை இருந்தால் பழையது செத்துப்போயிருக்கும், புதியது பிறக்காது. சேவை இல்லாமல் நிற்பீர்கள்.

ரீலோட் என்றால் அதே புராசஸ் உயிரோடு இருந்தபடியே கோப்பை மறுபடி படிக்கும். நன்றாக எழுதப்பட்ட சேவையில், புதிய கான்ஃபிக் தவறாக இருந்தால் பழையதை வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். எல்லாச் சேவைக்கும் இந்த வசதி கிடையாது.

மூன்றாவதுதான் புதியவர்களைக் குழப்புவது. 'சிஸ்டம்சிடிஎல் டெமன்-ரீலோட்' என்ற கட்டளை உங்கள் சேவையைத் தொடவே தொடாது. சேவைகளை எப்படி இயக்குவது என்று சொல்லும் யூனிட் கோப்புகளை மறுபடி படிக்கும்படி அது சிஸ்டம்டியிடம் சொல்கிறது, அவ்வளவுதான். என்ஜின்எக்ஸின் கான்ஃபிக்கை மாற்றிவிட்டு டெமன்-ரீலோட் போட்டால் எந்த மாற்றமும் வராது. மாறாக, சேவையைத் தொடங்கும் கட்டளை, எந்தப் பயனராக ஓட வேண்டும், மெமரி வரம்பு எவ்வளவு என்பவற்றை யூனிட் கோப்பில் மாற்றினால் டெமன்-ரீலோட் அவசியம். அதன் பின் ரீஸ்டார்ட்டும் வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழைய யூனிட்டின்படி பிறந்தது.

யூனிட் கோப்பைத் திருத்தும்போது ஒரு நல்ல பழக்கம்: பேக்கேஜோடு வந்த கோப்பில் நேராகக் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் அது மாற்றி எழுதப்பட்டுவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று சேவையின் பெயரோடு தட்டினால், உங்கள் மாற்றங்களை மட்டும் தனிக்கோப்பில் எழுதிக்கொள்ளலாம். சேமித்து வெளியேறியதும் டெமன்-ரீலோடையும் அதுவே செய்துவிடும்.

## ரீலோடுக்குப் பின்னால் இருக்கும் சிக்னல்

யூனிக்ஸில் ஒரு புராசஸின் கவனத்தை வெளியிலிருந்து ஈர்க்கும் பழைய வழி சிக்னல். அதில் 1ஆம் எண் சிக்னலுக்கு ஹெச்அப் என்று பெயர். தொலைபேசி வழியாக டெர்மினலில் வேலை செய்த காலத்தில், இணைப்பு அறுந்ததும் அந்த டெர்மினலில் ஓடிக்கொண்டிருந்த புராசஸ்களுக்குக் கெர்னல் அனுப்பிய தகவல் அது. பின்னணிச் சேவைக்கு டெர்மினலே கிடையாது. எனவே இந்தச் சிக்னல் அதற்குத் தேவைப்படாமல் இருந்தது. சும்மா கிடந்ததைக் 'கான்ஃபிக்கை மறுபடி படி' என்ற பொருளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்று அது எழுதப்படாத வழக்கம்.

எழுதப்படாத வழக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஹெச்அப் வந்தால் என்ன செய்வது என்று ஒரு நிரல் தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், இயல்பாக நடப்பது ஒன்றே: அந்தப் புராசஸ் முடிந்துவிடும். நீங்களே எழுதிய பைத்தான் சேவைக்கு, 'ரீலோட் ஆகட்டும்' என்று கில் கட்டளையில் ஹெச்அப் அனுப்பினால் அது செத்துப்போகும். சேவையின் ஆவணத்தைப் படிக்காமல் சிக்னல் அனுப்பாதீர்கள்.

ஒரே சிக்னலுக்குச் சேவைக்குச் சேவை பொருளும் மாறும். என்ஜின்எக்ஸில் ஹெச்அப் என்றால் இணைப்புகளை அறுக்காத ரீலோட். யூஎஸ்ஆர்1 என்றால் லாக் கோப்புகளை மறுபடி திற. அப்பாச்சியில் யூஎஸ்ஆர்1 என்றால்தான் மென்மையான ரீஸ்டார்ட். ஹெச்அப் அனுப்பினால் நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளைப் பாதியில் அறுத்துவிடும்.

## படி 1: உங்கள் சேவைக்கு ரீலோட் தெரியுமா?

'சிஸ்டம்சிடிஎல் கேட்' என்று தட்டிச் சேவையின் பெயரைக் கொடுங்கள். யூனிட் கோப்பு முழுவதும் திரையில் வரும். அதில் 'எக்செக்ரீலோட்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீலோட் தெரியும், என்ன முறையில் செய்கிறது என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். அந்த வரி இல்லாத சேவைக்கு ரீலோட் கட்டளை கொடுத்தால், பெரும்பாலும் இந்த யூனிட்டுக்கு அது பொருந்தாது என்று சிஸ்டம்டி மறுத்துவிடும்.

'ரீலோட்-ஆர்-ரீஸ்டார்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. ரீலோட் தெரிந்தால் ரீலோட், தெரியாவிட்டால் ரீஸ்டார்ட். ஸ்கிரிப்டில் வசதிதான். ஆனால் கையால் வேலை செய்யும்போது நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இணைப்புகள் அறுபடுமா அறுபடாதா என்று தெரியாமல் என்டர் தட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் செய்யத் தகாதது.

## படி 2: பழையதை எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்

கான்ஃபிக் கோப்புகளைக் 'கிட்' பதிப்புக் கருவியில் வைத்திருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் தேதியோடு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பிரதியை சேவை படிக்கும் அதே ஃபோல்டருக்குள் போடாதீர்கள். டெபியன் வகை சர்வர்களில் என்ஜின்எக்ஸின் 'சைட்ஸ்-எனேபிள்டு' ஃபோல்டரில் எந்தப் பெயரில் கோப்பு இருந்தாலும் அது படித்துவிடும். பழைய பிரதியும் புதிய கோப்பும் சேர்ந்து ஓடி, ஒரே தளம் இரண்டுமுறை அறிவிக்கப்பட்டிருப்பதாக எச்சரிக்கை வரும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

## படி 3: சேவை படிப்பதற்கு முன் நீங்கள் சோதியுங்கள்

பெரும்பாலான முக்கியச் சேவைகள் கான்ஃபிக்கைச் சோதிக்கும் கட்டளையைக் கூடவே கொண்டுவருகின்றன. என்ஜின்எக்ஸுக்கு 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி'. எஸ்எஸ்எச் சர்வருக்கு 'எஸ்எஸ்எச்டி மைனஸ் டி'. அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்'. பைண்ட் டிஎன்எஸ் சர்வருக்கு 'நேம்டு-செக்கான்ஃப்', மண்டலக் கோப்புகளுக்குத் தனியாக 'நேம்டு-செக்ஸோன்'. போஸ்ட்கிரெஸில் இன்னும் அழகு: டேட்டாபேஸுக்குள்ளேயே 'பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ்' என்ற வியூவைக் கேட்டால், டிஸ்க்கில் இந்த நிமிடம் இருக்கும் கோப்பைப் படித்து எந்த வரியில் பிழை என்று சொல்லும். யார் எங்கிருந்து இணையலாம் என்று தீர்மானிக்கும் 'பிஜி_எச்பிஏ' கோப்புக்கும் இதே போல் 'பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' இருக்கிறது.

இந்தச் சோதனைகளின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கணம் சரியா, குறிப்பிட்ட கோப்புகள் இருக்கின்றனவா என்பதோடு அவை நின்றுவிடும். நீங்கள் கேட்ட போர்ட்டை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தால் என்ஜின்எக்ஸின் சோதனை அதைக் குறை சொல்லாது. 'வெற்றி' என்றே சொல்லும். பின்னால் இருக்கும் ஆப் சர்வரின் முகவரியில் ஒரு எண் பிசகியிருந்தாலும் அப்படியே. சோதனையில் தேறியது இலக்கணம் மட்டும்தான்.

## படி 4: ரீலோட் கொடுங்கள், உள்ளே நடப்பதைப் பாருங்கள்

என்ஜின்எக்ஸை எடுத்துக்கொள்வோம். 2004இல் ஈகோர் சிசோயெவ் வெளியிட்ட இந்த வெப் சர்வரின் ரீலோட் முறை, இந்தத் துறையில் கற்றுக்கொள்பவர்களுக்கு நல்ல பாடம்.

அதில் ஒரு மாஸ்டர் புராசஸ், அதன் கீழ் சில வொர்க்கர் புராசஸ்கள். மாஸ்டர் எந்த வாடிக்கையாளருக்கும் பதில் சொல்வதில்லை. கான்ஃபிக்கைப் படிப்பதும், போர்ட்டுகளைத் திறப்பதும், வொர்க்கர்களை மேய்ப்பதும்தான் அதன் வேலை. ஹெச்அப் வந்ததும் மாஸ்டர் புதிய கான்ஃபிக்கைப் படிக்கிறது. லாக் கோப்புகளையும் புதிய போர்ட்டுகளையும் திறந்து பார்க்கிறது. எங்காவது தட்டுப்பட்டால், எடுத்ததையெல்லாம் கீழே வைத்துவிட்டுப் பழைய கான்ஃபிக்கோடு தொடர்கிறது. லாகில் ஒரு வரி எழுதுவதோடு சரி. எல்லாம் சரியாக அமைந்தால் புதிய வொர்க்கர்களைத் தொடங்கி, பழைய வொர்க்கர்களிடம் 'கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு விடைபெறுங்கள்' என்கிறது.

வங்கியில் ஒரு கவுன்டரை மூடும்போது, ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களின் வேலையை முடித்துக்கொடுத்து, புதிதாக வருபவர்களை மட்டும் அடுத்த கவுன்டருக்கு அனுப்புவார்கள் இல்லையா, அதே ஏற்பாடு. அதனால்தான் இணைப்பு எதுவும் அறுபடுவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ரீலோட் கொடுத்த உடனே இன்னொரு டெர்மினலில் 'பிஎஸ்' கட்டளையில் என்ஜின்எக்ஸ் புராசஸ்களைப் பட்டியலிடுங்கள். மாஸ்டரின் புராசஸ் எண் மாறியிருக்காது. வொர்க்கர்கள் புதிய எண்களோடு வந்திருப்பார்கள். கொஞ்சம் நெரிசலான சர்வராக இருந்தால், பழைய வொர்க்கர்களின் பெயருக்கு அருகே 'ஈஸ் ஷட்டிங் டவுன்' என்ற வாசகமும் தெரியும். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் ரீலோட் என்றால் என்ன என்பது மறக்கவே மறக்காது.

அந்த 'ஷட்டிங் டவுன்' வொர்க்கர்கள் மணிக்கணக்கில் போகாமல் இருப்பதும் உண்டு. சாட், நேரலைப் பட்டியல் போன்றவற்றுக்கு வெப்சாக்கெட் இணைப்புகள் நீண்ட நேரம் திறந்தே இருக்கும். கடைசி இணைப்பு முடியும்வரை பழைய வொர்க்கரும் பழைய கான்ஃபிக்கோடு உயிரோடு இருக்கும். அடிக்கடி ரீலோட் செய்யும் சர்வரில் இப்படிப் பழைய வொர்க்கர்கள் குவிந்து மெமரியைத் தின்றுவிடும். 'வொர்க்கர்_ஷட்டவுன்_டைம்அவுட்' என்ற அமைப்பில் ஒரு கால வரம்பு வைத்தால், அந்த நேரம் கடந்ததும் மீதி இணைப்புகளை அதுவே மூடிவிடும்.

## படி 5: உண்மையில் மாறியதா?

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ரீலோட் கட்டளை பிழை எதுவும் காட்டாமல் திரும்பிவந்தது என்பது, மாற்றம் அமலுக்கு வந்துவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது.

காரணம் எளியது. பல யூனிட் கோப்புகளில் 'எக்செக்ரீலோட்' வரியில் இருப்பது, ஹெச்அப் அனுப்பும் கில் கட்டளை மட்டுமே. சிக்னலை அனுப்பியதோடு அதன் வேலை முடிந்தது. சேவை அந்தக் கோப்பைப் படித்ததா, ஏற்றதா, நிராகரித்ததா என்று அது காத்திருந்து பார்ப்பதில்லை. சிஸ்டம்டியின் சொந்த ஆவணமே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டுகிறது.

ஆகவே மூன்று இடங்களில் பாருங்கள். முதலில் 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ' என்று சேவையின் பெயரோடு தட்டி, கடைசி 50 வரிகளைப் படியுங்கள்; என்ஜின்எக்ஸ் போல் தனி லாக் கோப்பு வைத்திருக்கும் சேவைக்கு அதன் எரர் லாகையும் பாருங்கள். அடுத்து, புராசஸ்களின் தொடக்க நேரம். மூன்றாவதுதான் முக்கியம்: சேவையைப் பயன்படுத்துகிறவரின் இடத்தில் நின்று கேளுங்கள். சான்றிதழ் மாற்றம் என்றால் 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்' கட்டளையில் தளத்தோடு இணைந்து, வரும் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். திசைதிருப்பலை மாற்றினீர்கள் என்றால் 'கர்ல்' போட்டு அந்த முகவரியைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'என்ஜின்எக்ஸ் மைனஸ் பெரிய டி' முழுக் கான்ஃபிக்கையும் அச்சிட்டுக் காட்டும். பலர் இதைப் பார்த்துவிட்டு 'இதுதான் ஓடுகிறது' என்று நம்பிவிடுகிறார்கள். அது காட்டுவது டிஸ்க்கில் இருப்பதை. மெமரியில் இருப்பதை அல்ல.

சான்றிதழ்ச் சிக்கலுக்கு நிரந்தரத் தீர்வும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செர்ட்பாட்டின் என்ஜின்எக்ஸ் பிளகின் வழியாகச் சான்றிதழைப் பொருத்தியிருந்தால் ரீலோடையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வெப்ரூட் முறையில் சான்றிதழை மட்டும் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. லெட்ஸ்என்க்ரிப்ட் ஃபோல்டருக்குள் 'ரினியூவல்-ஹூக்ஸ்', அதற்குள் 'டிப்ளாய்' என்ற ஃபோல்டர் இருக்கும். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் சிறு ஸ்கிரிப்டை, இயக்கும் அனுமதியோடு அங்கே வைத்துவிட்டால், சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது ஓடும்.

## எப்போது ரீஸ்டார்ட்டைத் தவிர்க்க முடியாது?

சில அமைப்புகள் புராசஸ் பிறக்கும்போது மட்டுமே தீர்மானிக்கப்படுபவை. போஸ்ட்கிரெஸில் 'ஷேர்டு_பஃபர்ஸ்' எல்லாப் புராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும் மெமரியின் அளவு. தொடங்கும்போதே கெர்னலிடம் மொத்தமாகக் கேட்டு வாங்கிவிடுகிறது. நடுவில் அதை நீட்ட வழியில்லை. 'மேக்ஸ்_கனெக்ஷன்ஸ்' அமைப்பும் அப்படித்தான், இயல்பு மதிப்பு 100. அதற்கேற்றபடி பகிர்வு மெமரியில் இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மாறாக 'வொர்க்_மெம்' போன்றவற்றுக்கு ரீலோடே போதும்.

எது எந்த வகை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 'பிஜி_செட்டிங்ஸ்' வியூவில் 'கான்டெக்ஸ்ட்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் ரீஸ்டார்ட் வேண்டும். 'சிக்ஹெச்அப்' என்று இருந்தால் ரீலோட் போதும். அதே வியூவில் 'பென்டிங்_ரீஸ்டார்ட்' என்ற இன்னொரு நெடுவரிசை 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. கோப்பில் மாற்றிவிட்டீர்கள், ரீலோடும் செய்துவிட்டீர்கள், ஆனால் ரீஸ்டார்ட் ஆகும்வரை அமலுக்கு வராது என்ற அமைப்புகளுக்கு எதிரே அது 'ட்ரூ' காட்டும். டிஸ்க்குக்கும் மெமரிக்கும் உள்ள இடைவெளியைத் தானே ஒப்புக்கொண்டு சொல்லும் சேவை அபூர்வம். மற்றச் சேவைகளை எழுதுகிறவர்கள் போஸ்ட்கிரெஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது.

ரீலோட் செய்தும் போஸ்ட்கிரெஸில் மதிப்பு மாறவில்லை என்றால், அதே வியூவின் 'சோர்ஸ்ஃபைல்' நெடுவரிசையைப் பாருங்கள். யாராவது எப்போதோ 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை கொடுத்திருந்தால், அந்த மதிப்பு 'போஸ்ட்கிரெஸ்கியூஎல் டாட் ஆட்டோ டாட் கான்ஃப்' கோப்பில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் திருத்திய கோப்பை மீறிக்கொண்டிருக்கும்.

சூழல் மாறிகளும் புராசஸ் பிறக்கும்போது மட்டும் கிடைப்பவை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டைச் சூழல் மாறியில் தரும் ஆப் சேவைக்கு, அந்த மாறி இருக்கும் கோப்பை மாற்றியபின் ரீலோட் பயன்படாது, ரீஸ்டார்ட்தான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது லைப்ரரி அப்டேட். 2014 ஏப்ரல் 7இல் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, 1.0.1ஜி பதிப்பில் திருத்தம் உடனே கிடைத்தது. ஆனால் பேக்கேஜை அப்டேட் செய்தால் மட்டும் ஓட்டை அடைபடவில்லை. ஓடிக்கொண்டிருந்த வெப் சர்வர்கள் பழைய லைப்ரரியை மெமரியில் வைத்திருந்தன. டிஸ்க்கிலிருந்து பழைய கோப்பு நீக்கப்பட்டாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் விடும்வரை கெர்னல் அதை உயிரோடு வைத்திருக்கும். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தாலும் பயனில்லை, ஏனென்றால் புதிய வொர்க்கர்கள் அதே பழைய மாஸ்டரிலிருந்துதான் பிறக்கின்றன. டெபியனிலும் உபுண்டுவிலும் 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவி, எந்தெந்தச் சேவை இன்னும் பழைய லைப்ரரியில் ஓடுகிறது என்று பட்டியலிட்டுத் தரும். பாதுகாப்பு அப்டேட் போட்ட ஒவ்வொரு முறையும் அதை ஓட்டுங்கள்.

## ரீஸ்டார்ட் கொடுக்கும்போது நடப்பது

சிஸ்டம்டி முதலில் டெர்ம் சிக்னல் அனுப்பி, ஒழுங்காக முடித்துக்கொள்ளச் சொல்கிறது. இயல்பாக 90 விநாடி காத்திருக்கும். அதற்குள் முடியாவிட்டால், எந்தப் புராசஸும் மறுக்க முடியாத கில் சிக்னல். டேட்டாபேஸ் போன்ற சேவை, மெமரியில் தேங்கியிருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் மூடும். நெரிசலான போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்யும் முன் 'செக்பாயின்ட்' கட்டளையைக் கொடுத்தால், அந்த எழுத்து வேலையில் பெரும்பகுதி முன்னமே முடிந்து, சேவை நிற்கும் நேரம் குறையும்.

சேவை தொடங்காமல் விழுந்துகொண்டே இருந்தால்? யூனிட்டில் 'ரீஸ்டார்ட்' அமைப்பு இருந்தால் சிஸ்டம்டி மறுபடி எழுப்பிப் பார்க்கும். இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் போனால் கைவிட்டு, 'தொடக்கக் கோரிக்கை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப வந்தது' என்ற பொருளில் லாக் எழுதிவிடும். இரண்டு முயற்சிக்கு இடையே இயல்பு இடைவெளி 100 மில்லிவிநாடிதான். கான்ஃபிக் பிழையால் உடனே விழும் சேவை, கண் மூடித் திறப்பதற்குள் இந்த வரம்பைத் தொட்டுவிடும். பிழையைத் திருத்திய பிறகும் தொடங்க மறுத்தால் 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு' கொடுத்துக் கணக்கை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

## எஸ்எஸ்எச்: கதவை உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளாதீர்கள்

எஸ்எஸ்எச் சர்வரின் ரீலோட் என்ஜின்எக்ஸைப் போன்றதல்ல. ஹெச்அப் வந்ததும் அது திறந்திருக்கும் போர்ட்டை மூடிவிட்டு, தன்னையே புதிதாக ஒருமுறை இயக்கிக்கொள்கிறது. கோப்பில் பிழை இருந்தால் அந்தப் புதிய இயக்கம் தோற்று வெளியேறிவிடும். பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பும் வழி இல்லை. டெபியனும் உபுண்டுவும் இதை உணர்ந்து, ரீலோட் வரிக்கு முன்பு 'எஸ்எஸ்எச்டி மைனஸ் டி' சோதனையையும் யூனிட்டில் சேர்த்திருக்கின்றன. எல்லா விநியோகங்களிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தொலைவில் இருக்கும் சர்வரில் இந்த வரிசையை மீறவே மீறாதீர்கள்:

1. இப்போதைய இணைப்பைத் திறந்தே வையுங்கள். ஒவ்வொரு இணைப்பும் தனிப் புராசஸ் என்பதால் ரீலோடால் அது அறுபடாது.
2. கோப்பைத் திருத்தி 'எஸ்எஸ்எச்டி மைனஸ் டி' ஓட்டுங்கள். பதில் எதுவும் வராவிட்டால் சரி என்று பொருள்.
3. ரீலோட் கொடுங்கள்.
4. புதிய டெர்மினலைத் திறந்து, புதிதாக ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள்.
5. நுழைய முடிந்த பிறகே பழைய டெர்மினலை மூடுங்கள். முடியவில்லை என்றால் பழைய டெர்மினலில் பிரதியைத் திருப்பிப் போடுங்கள்.

உபுண்டு 24.04இல் ஒரு கூடுதல் கவனம். அங்கே போர்ட்டைப் பிடித்திருப்பது 'எஸ்எஸ்எச் டாட் சாக்கெட்' என்ற சிஸ்டம்டி யூனிட். போர்ட் எண்ணை மாற்றினால் டெமன்-ரீலோட் கொடுத்து, அந்தச் சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய எண் வேலை செய்யும். ஃபயர்வாலில் புதிய போர்ட்டை அதற்கு முன்பே திறந்துவிடுங்கள்.

## நீங்களே ஒரு சேவை எழுதுகிறீர்களா?

ஹெச்அப்பைப் பிடிக்கும் இடத்தில் கோப்பைப் படிக்கும் வேலையைச் செய்யாதீர்கள். நிரல் எந்த நிலையில் இருக்கும்போதும் சிக்னல் குறுக்கிடலாம். அங்கே ஒரு கொடியை மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, முதன்மைச் சுழற்சி அதைப் பார்த்து ரீலோட் வேலையைத் தொடங்கட்டும். புதிய கான்ஃபிக்கைத் தனி இடத்தில் முழுமையாகப் படித்துச் சரிபாருங்கள். எல்லாம் சரியென்றால் ஒரே அசைவில் பழையதை மாற்றுங்கள். தவறென்றால் பழையதோடு தொடர்ந்து, எந்த வரியில் என்ன பிழை என்று லாகில் எழுதுங்கள். 2023இல் வந்த சிஸ்டம்டி 253 பதிப்பிலிருந்து 'நோட்டிஃபை-ரீலோட்' என்ற வகை இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால், ரீலோட் தொடங்கியதையும் முடிந்ததையும் உங்கள் சேவையே சிஸ்டம்டிக்குச் சொல்லும். கட்டளையும் அதுவரை காத்திருக்கும்.

## டிஸ்க்கில் உறங்கும் பிழை

ஒரு நிலைமை மிச்சம் இருக்கிறது. யாரோ கான்ஃபிக்கைத் திருத்தினார்கள், அதில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிற்று. ரீலோட் தோற்றது, லாகை யாரும் பார்க்கவில்லை. என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கோடு மாதக்கணக்கில் குறையில்லாமல் ஓடுகிறது. பிறகு ஒருநாள் கெர்னல் அப்டேட்டுக்காகச் சர்வர் ரீபூட் ஆகிறது. மெமரியில் இருந்த நல்ல பிரதி போய்விட்டது, டிஸ்க்கில் இருப்பது உடைந்தது, தளம் எழவில்லை. கெர்னலைக் குறைசொல்லித் தேடத் தொடங்குவார்கள். பிழை பல மாதம் பழையது.

எனவே திட்டமிட்ட ரீபூட்டுக்காகக் காத்திருக்காமல், இன்றே உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு சர்வரிலும் ஏறி, 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி', 'எஸ்எஸ்எச்டி மைனஸ் டி' இரண்டையும் ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் 'பென்டிங்_ரீஸ்டார்ட்' ட்ரூவாக இருக்கும் வரிகளைக் கேளுங்கள். ஏதாவது பிழை தென்பட்டால், சேவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திவிடுங்கள்.